பூவரசம் பூவும் மறக்கப்பட்ட படையும்

பிறர் செய்த உதவியை மறவாதிருத்தலை அறங்களுள் தலையாயதாகப் போற்றியவர் நம் முன்னோர். வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். போர்க்களத்திலே வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியர் இலக்கணமாகவே கூறிவைத்தார். தக்க கல்லைத் தேடிக் காணுதல், அதனைக் கொணர்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என ஒவ்வொரு செயலும் அங்கே முறையாக எண்ணப்பட்டிருக்கின்றது. பெயரும் பெருமையும் பொறித்த அந்நடுகல்லின் முன்னே ஊரார் கூடி வணங்கினர்.

ஆயினும் நடுகல் என்பது இறந்தவனுக்கு உரியது. போருக்குச் சென்று, இறவாது, ஒரு கையையோ ஒரு கண்ணையோ தன் இளமை முழுவதையுமோ அங்கே விட்டுவிட்டு உயிரோடு ஊர் திரும்பியவனுக்கு உரியது யாது? இக்கேள்விக்கும் நம் இலக்கியத்திலே விடையுண்டு. நெடுநல்வாடையிலே நக்கீரர் ஒரு காட்சியைக் காட்டுகின்றார். வாடைக்காற்று வீசும் நள்ளிரவு. பாசறையிலே விளக்குகளின் சுடர் காற்றில் அசைகின்றது. அரசன் உறங்கவில்லை. சிலர் உடன்வர, வாட்புண் பட்ட வீரர் கிடக்கும் இடத்துக்கு நடந்தே வருகின்றான். படைத்தலைவன் ஒருவன் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் முகமலர்ச்சியோடு அவர்களைப் பார்த்துச் செல்கின்றான். அங்கே பொன்னும் பொருளும் வழங்கியதாகக் கதை இல்லை. தன்பொருட்டுப் புண்பட்டவனை நேரிலே சென்று காண்பதே அவ்வரசன் செலுத்திய நன்றி.

உயிரோடு திரும்பிய வீரனை இவ்வாறு சென்று காண்பாரின்றிப் போன கதை நம் கண்டி மாநகரோடும் தொடர்புடையது. அதனை இவ்வாண்டு மலர் வழியாக வாலிப அன்பர்கள் முன்னே வைக்க விரும்புகின்றேன்.

கெட்டம்பையிலே

கண்டியிலிருந்து பேராதனை நோக்கிச் செல்லும் பஸ் வண்டியிலே நம்மிற் பலர் நாள்தோறும் பயணஞ் செய்கின்றோம். கெட்டம்பையை அண்டி, மகாவலி கங்கையின் பக்கமாக, ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கின்றது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்திலே இறந்த ஏறக்குறைய இருநூறு பேர் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். பிரித்தானியர் பலர்; அவரோடு கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், நம் இலங்கையர் ஆகியோரும் அங்கே துயில்கின்றனர். புல் வெட்டப்பட்டு, பூஞ்செடி வளர்க்கப்பட்டு, அத்தோட்டம் ஒழுங்காகப் பேணப்படுகின்றது. இறந்தோருக்குரிய கடமை அங்கே ஒருவாறு நிறைவேறுகின்றது என்றே கூறவேண்டும்.

அவ்வாறு பேணுவதிலும் ஒரு காலத்திலே பாகுபாடு இருந்ததென்பதை நாம் அறிதல் வேண்டும். முதலாம் உலக யுத்தத்திலே பிரித்தானியப் பேரரசுக்காக இறந்த ஆபிரிக்க, ஆசிய வீரர்களுள்ளும் சுமையாளர்களுள்ளும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் பொறிக்கப்படாமலே, சிலவிடங்களில் நினைவுச் சின்னமே இல்லாமலே, விடப்பட்டனர். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் பொதுநலவாய ஆணைக்குழுவே 2021ஆம் ஆண்டிலே இதனை விசாரித்து ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இறந்தவனுக்கே இந்நிலையானால், உயிரோடு திரும்பியவனின் நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

நான் பயின்றது ஒரு கிறிஸ்தவ மிஷன் பாடசாலையிலே. அங்கே நவம்பர் மாதம் பிறந்தால் செந்நிறக் காகிதப் பொப்பி மலரைச் சட்டையிற் குத்திக்கொள்வோம். காலைக் கூட்டத்திலே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். அம்மௌனம் யாருக்காக என்று ஆசிரியர் கூறுவார். ஆயினும் இதே இலங்கையிலே அப்பொப்பி மலருக்கு எதிராக வேறொரு மலர் விற்கப்பட்டதென்பதை எவரும் எமக்குக் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வந்து நூலகத்திலே பழைய வரலாறுகளைப் புரட்டிய பின்னரே அதனை அறிந்தேன். அம்மலர் வேறெதுவுமன்று; நம் வேலியோரத்துப் பூவரசம் பூ.

இரண்டு மலர்கள்

1914ஆம் ஆண்டிலே முதலாம் உலக யுத்தம் மூண்டபோது இலங்கையிலிருந்து பலர் போருக்குச் சென்றனர். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை அவ்வாண்டு ஒக்டோபரிலேயே எகிப்துக்குக் கப்பலேறியது. அப்படையினர் பின்னர் கலிப்பொலிப் போர்முனைக்கும் சென்றனர். அவர்கள் ஐரோப்பியர். ஆனால் இந்நாட்டு வாலிபரும் பின்தங்கவில்லை. தம் சொந்தச் செலவிலேயே கப்பலேறி இங்கிலாந்து சென்று படையிற் சேர்ந்தோர் இருந்தனர். கண்டி திருத்துவக் கல்லூரியிற் பயின்ற றிச்சட் அலுவிகாரை பிரான்சு நாட்டுப் போர்முனையிலே காயமுற்றுத் திரும்பியவர். அவர் பின்னாளிலே சிவில் சேவையில் உயர்ந்து, இலங்கையர்களுள் முதலாவது பொலிஸ் மா அதிபராகவும் ஆனார். கல்வியும் குடும்பச் செல்வாக்கும் உள்ளவருக்கு நாடு இவ்வாறு வழிவிட்டது. அவையில்லாத சாதாரண வீரனுக்கு வழிவிடவில்லை.

யுத்தம் 1918 நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. அதன் பின்னர் ஆண்டுதோறும் அந்நாளிலே பொப்பி மலர் விற்கப்பட்டது. ஊனமுற்ற வீரருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உதவுவதே அதன் நோக்கம். இலங்கையிலும் அது பெருமுயற்சியோடு விற்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளும் அரசாங்க உத்தியோகத்தரும் அதனை வாங்கி அணிந்தனர். ஆனால் இங்கே சேர்ந்த பணத்திற் பெரும்பங்கு இங்கிலாந்துக்குச் சென்றது. இலங்கையின் முன்னாள் வீரருக்கு எஞ்சியது சொற்பமே. இலங்கையன் கொடுத்த காசு கடல்கடந்து போக, இலங்கை வீரன் வேலையின்றி வீதியிலே நின்றான்.

இவ்வநீதியைக் கண்டு முன்னாள் போர்வீரர் சங்கத்தைச் சேர்ந்த ஏலியன் பெரேரா என்பார் 1931ஆம் ஆண்டிலே ஒரு புதிய வழி கண்டார். பொப்பி மலர் விற்கும் அதே நாளிலே பூவரசம் பூவை விற்று, அப்பணத்தை நம் நாட்டு முன்னாள் வீரருக்கே கொடுப்போம் என்றார். சிங்களத்திலே அப்பூவுக்குச் சூரிய மல் என்று பெயர். பூவரசை நாம் எல்லோரும் அறிவோம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? காலையிலே மஞ்சளாக மலர்ந்து மாலையிலே செம்மை படர்ந்து வாடும் அந்த எளிய மலரையே அவர் போர்வீரனுக்கு அடையாளமாக்கினார். அன்னிய நாட்டு வயலிலே பூக்கும் மலரைவிட நம் வேலியிலே பூக்கும் மலர் நம் வீரனுக்குப் பொருத்தமன்றோ?

இரண்டாண்டு கழித்து, 1933ஆம் ஆண்டிலே, தென்கொழும்பு வாலிபர் சங்கத்தினர் இம்முயற்சியைத் தமதாக்கினர். இங்கிலாந்திலே பிறந்து இந்நாட்டுக்கு ஆசிரியையாக வந்த டொரீன் யங் என்னும் மாது, பூக்களின் போர் என்ற பொருளிலே ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஏகாதிபத்தியப் போர்களுக்குப் பணம் போவதைக் கண்டித்த அக்கட்டுரை நாட்டிலே பெரும் வாதத்தை எழுப்பியது. அவரே சூரிய மல் இயக்கத்தின் முதலாவது தலைவியுமானார். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் பரவி ஏறக்குறைய 80,000 மக்களைக் கொள்ளைகொண்ட வேளையிலே, இவ்வியக்கத்து வாலிபர் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். மலர் விற்ற பணத்திலே தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணொருத்தியைப் படிப்பித்தனர். 1935 டிசம்பர் 18ஆம் நாள் தோன்றிய இலங்கைச் சமசமாசக் கட்சிக்கு இவ்வியக்கமே தொட்டிலாயிற்று.

இவையெல்லாம் போற்றத்தக்க செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இம்மலர் முதன்முதலிலே யாருக்காக விற்கப்பட்டது? ஊர் திரும்பியும் வரவேற்பில்லாத இலங்கைப் போர்வீரனுக்காக. அவன் துயரமே இயக்கத்தைத் தொடக்கி வைத்தது. இயக்கம் வளர்ந்தது, சுதந்திரப் போராட்டமாயிற்று, கட்சியாயிற்று. அவ்வளர்ச்சிக்கிடையே அம்முதியவன் பேச்சினின்றும் மறைந்தான். பொப்பி அணிந்தோர் பேரரசின் புகழைப் பாடினர்; பூவரசம் பூ அணிந்தோர் விடுதலையின் புகழைப் பாடினர். இரு கூட்டமும் அவன் பெயராலே தொடங்கி வேறெங்கோ சென்றன.

இவ்வரலாற்றை அறிந்தபின் என் மனத்தை உறுத்துவது இதுவே. வீரனைத் தம் வழக்குக்குச் சான்றாக அழைப்போர் பலர். அவனுடைய வழக்கைக் கேட்போர் சிலர்.

பேராதனையிலிருந்து பர்மா வரை

இனி இரண்டாம் உலக யுத்தத்துக்கு வருவோம். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9ஆம் நாள் திருகோணமலையையும் தாக்கின. போர் நம் வாயிலுக்கே வந்தது. 1943ஆம் ஆண்டிலே நேசநாட்டார் தென்கிழக்காசியப் படைத்தலைமைப் பீடத்தை அமைத்து, மவுண்ட்பேற்றன் பிரபுவை அதன் தலைவராக்கினர். முதலில் டில்லியில் இருந்த அப்பீடம் 1944 ஏப்பிரலிலே கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் மரநிழல்களிலே கொட்டில்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர் அங்கே வேலை செய்தனர். பர்மாவின் காடுகளிலே நடந்த போருக்கு மேல்நிலைக் கட்டளைகள் இத்தோட்டத்திலிருந்தே சென்றன. விரிவுரை முடிந்து மாலையிலே நாம் உலாவச் செல்லும் இடத்திலேதான் இத்தனையும் நிகழ்ந்தது.

அக்கட்டளைகளை நிறைவேற்றியது சிலிம் தளபதியின் கீழ் இருந்த பதினான்காம் படை. ஏறக்குறைய பத்து இலட்சம் பேரைக் கொண்ட அப்படையிற் பெரும்பாலோர் இந்தியர். கூர்க்கர், பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், மேற்கு ஆபிரிக்கர் ஆகியோரும் இருந்தனர். நம் தமிழ்நாட்டிலிருந்து மதராஸ் சப்பர்ஸ் என்னும் பொறியியற் படையினர் சென்று, காட்டிலே வழியமைத்தும் ஆற்றிலே பாலமமைத்தும் உழைத்தனர். 1944 மார்ச்சு முதல் யூலை வரை இம்பால், கொஹிமா என்னுமிடங்களிலே நடந்த கடும்போரில் யப்பானியர் முறியடிக்கப்பட்டனர். 1945 மே மாதத்திலே இரங்கூன் மீட்கப்பட்டது. அதே மே மாதம் 8ஆம் நாள் ஐரோப்பாவிலே யுத்தம் முடிந்ததென்று இலண்டன் மாநகர வீதிகளில் மக்கள் ஆடிப்பாடினர். பர்மாக் காட்டிலே மழையிலும் மலேரியாவிலும் போர் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அப்படைக்கு மறக்கப்பட்ட படை என்ற பெயர் வழங்கலாயிற்று. போர் நடக்கும்போதே மறக்கப்பட்டவர்களைப் போர் முடிந்தபின் யார் நினைப்பர்?

இவர்களுள் கிழக்கு ஆபிரிக்க வீரரின் கதை நம் நாட்டோடு நெருங்கியது. கென்யா, உகண்டா, தங்கனிக்கா, நியாசலாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த பதினோராம் கிழக்கு ஆபிரிக்கப் பிரிவு, இலங்கைக் காடுகளிலே பயிற்சி பெற்றே பர்மா சென்றது. அவர்களுள் ஒரு பகுதியினர் இங்கே வந்து சேரவேயில்லை. 1944 பெப்ரவரி 12ஆம் நாள், மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெடிவ் இஸ்மாயில் என்னும் கப்பலை யப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் மாலைதீவுக்கு அண்மையிலே தாக்கி மூழ்கடித்தது. கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினரும் தாதியருமாக ஏறக்குறைய 1,300 பேர் சில நிமிடங்களுக்குள் மாண்டனர். வந்து சேர்ந்தோர் பர்மா சென்று, கபோ பள்ளத்தாக்கு வழியாக மழைக்காலச் சேற்றிலே யப்பானியரைத் துரத்திச் சிந்துவின் நதிக்கரையை அடைந்தனர். இடையிலே நோயாலும் விபத்தாலும் இங்கே இறந்தவர் சிலர் கெட்டம்பையிலே நம்மோடு தங்கிவிட்டனர்.

போர் முடிந்து ஊர் திரும்பிய ஆபிரிக்கருக்கு என்ன கிடைத்தது? போர்க்கால முடிவிலே கொடுக்கப்பட்ட சேவைப் பணம் தோலின் நிறத்தைப் பார்த்தே அளக்கப்பட்டது. அதே படையிலே சேவித்த வெள்ளை வீரனுக்குக் கிடைத்ததிற் சிறுபங்கே ஆபிரிக்க வீரனுக்குக் கிடைத்தது. மேற்கு ஆபிரிக்காவிலே தங்கக்கரை என அக்காலம் வழங்கிய நாட்டின் வீரர் பர்மாவின் அரக்கான் பகுதியிலே போரிட்டவர்கள். அதாவது நம் பேராதனையிலிருந்த தலைமைப் பீடத்தின் கீழே சேவித்தவர்கள். வேலை தருவோம், உதவி தருவோம் என்ற வாக்குறுதிகள் நிறைவேறாமற் போகவே, 1948 பெப்ரவரி 28ஆம் நாள் அக்ரா நகரிலே அவர்கள் ஒரு விண்ணப்பத்தை ஏந்தி ஆளுநர் மாளிகையை நோக்கி நடந்தனர். கையிலே ஆயுதம் இல்லை. வழியை மறித்த பொலிசார் சுட்டனர். அட்ஜெட்டே, அட்டிப்போ, ஓடார்ட்டே லாம்ப்டே என்னும் மூவர் அவ்விடத்திலே வீழ்ந்தனர். யப்பானியரின் குண்டுக்குத் தப்பியவர்கள், யாருக்காகப் போரிட்டார்களோ அவ்வரசின் குண்டாலேயே மாண்டனர்.

திகதியை நோக்குங்கள். அதே பெப்ரவரி 4ஆம் நாளிலே இலங்கை சுதந்திரம் பெற்றது. நாம் கொடியேற்றி இருபத்துநான்கு நாள் கழித்து, நம் ஊரிலிருந்து கட்டளை பெற்ற படையின் வீரர் தம் ஊரிலே சுடப்பட்டனர். அன்று நம்மவர் எத்தனை பேர் அதனை அறிந்திருப்பர்? அதனாலே எழுந்த கொந்தளிப்பு தங்கக்கரையை விடுதலைப் பாதையிலே விரைந்து செலுத்தியது. 1957 மார்ச்சு 6ஆம் நாள் அந்நாடு கானா என்னும் பெயரோடு விடுதலை பெற்றது. இன்றும் ஆண்டுதோறும் பெப்ரவரி 28ஆம் நாளிலே அம்மூவருக்கும் அங்கே மலர்வளையம் சாத்தப்படுகின்றது.

எதிரெதிரே நின்ற தமிழர்

இம்பால் போர்க்களத்துக்கு வேறொரு பக்கமும் உண்டு. சுபாஷ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவம் அங்கே எதிர்ப்பக்கத்தில் நின்றது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் அதிற் சேர்ந்தனர். 1943ஆம் ஆண்டு சிங்கப்பூரிலே கப்டன் இலட்சுமியின் தலைமையில் தோன்றிய ஜான்சி ராணிப் படையிலே தோட்டத் தொழிலாளர் வீட்டுத் தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு எந்த ஊர்களிலிருந்து மக்கள் வந்தனரோ, அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தே மலாயாவுக்கும் மக்கள் சென்றிருந்தனர். ஒரே மாவட்டத்துத் தமிழர் இருவர், ஒருவர் பிரித்தானியக் கொடியின் கீழும் மற்றவர் போசின் கொடியின் கீழும், ஒரே காட்டிலே எதிரெதிரே நின்றிருத்தல் கூடும்.

இருவருக்கும் கிடைத்த வரவேற்பு யாது? தேசிய இராணுவத்தில் இறந்தோருக்கெனச் சிங்கப்பூர்க் கடற்கரையிலே 1945 யூலையில் போஸ் நினைவுச் சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டே பிரித்தானியர் நகரை மீட்டதும், மவுண்ட்பேற்றனின் கட்டளைப்படி அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டில்லிச் செங்கோட்டையிலே நடந்த விசாரணையின்போது நாடே திரண்டு அவ்வீரருக்காகக் குரல் கொடுத்தது உண்மையே. ஆயினும் 1947இலே சுதந்திரம் பெற்ற பின்னரும் இந்திய அரசாங்கம் அவர்களை மீண்டும் இராணுவத்திலே சேர்க்கவில்லை. சுதந்திரப் போராட்ட வீரருக்கான ஓய்வூதியம் 1972ஆம் ஆண்டிலேதான் வந்தது. இருபத்தைந்து ஆண்டு என்பது ஒரு தொழிலாளியின் ஆயுளிலே சிறு பகுதியன்று. பலர் அதற்குமுன் கண்மூடினர்.

மறுபக்கத்திலே நின்ற இந்திய இராணுவ வீரனின் நிலையும் மேலானதன்று. அந்த யுத்தத்திலே இருபத்தைந்து இலட்சம் இந்தியர் படையிற் சேர்ந்தனர். ஏறக்குறைய 87,000 பேர் மாண்டனர். திரும்பியவனுடைய ஊரிலே விடுதலைக் கொடி பறந்தது. அவனோ அன்னியனுக்காகப் போரிட்டவன் என்று எண்ணப்பட்டான். இங்கிலாந்துக்கு அவன் தூரத்து நாட்டான். புதிய இந்தியாவுக்குப் பழைய அரசின் சிப்பாய். ஆகவே அவன் தன் பதக்கத்தைப் பெட்டியின் அடியிலே வைத்துவிட்டு ஏரைப் பிடித்தான்.

ஓர் ஆட்சேபம்

இவ்விடத்திலே அன்பர் சிலர் ஓர் ஆட்சேபம் கூறக்கூடும். “போர் நன்றோ தீதோ என்று பாராமல் போர்வீரனுக்கு நன்றி கூறுதல் தகுமா?” இது எளிதிலே தள்ளத்தக்க கேள்வியன்று. தமிழராகிய நமக்கு இது ஏட்டுக் கேள்வியுமன்று.

1987ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்கு வந்தது. 1990 மார்ச்சிலே அதன் கடைசிப் பிரிவு திரும்பிச் சென்றது. அப்படையிலே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இம்மண்ணில் இறந்தனர். சென்னைத் துறைமுகத்திலே படையினர் இறங்கியபோது தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாதென்பது அவர் நிலை. அது வீரரை அவமதித்த செயலென்று இந்தியாவிலே பலர் இன்றும் குறை கூறுவர். ஆனால் 1987 ஒக்டோபரிலே யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள்ளே நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்த தமிழன் அக்குறையை எவ்வாறு முழுமனத்தோடு ஏற்பான்?

நான் இதனைப் பலநாள் சிந்தித்தேன். என் சிற்றறிவுக்கு எட்டியது இது. கொலைக்கு நன்றி இல்லை. அதற்கு உரியது நீதி விசாரணை. பிழையான போரை நடத்திய அரசினருக்கும் நன்றி இல்லை. ஆனால் கட்டளை இட்டவர் ஒருவர்; அதனைச் சுமந்து சென்று கால் இழந்து திரும்பியவன் வேறொருவன். கட்டளை இட்டவரைக் கேட்க அஞ்சும் நாம், வாசலிலே வந்து நிற்கும் ஏழைச் சிப்பாய்க்கு முகங்கொடாமலிருந்து நம் கோபத்தைத் தீர்த்துக்கொள்கின்றோம். சில வேளைகளிலே இதற்கு மாறாக, எல்லாச் சிப்பாயையும் தெய்வமாக்கி, அவர்களுள் தவறு செய்தவனையும் விசாரியாது விடுகின்றோம். முன்னதிலே அவன் துயரம் மறைகின்றது. பின்னதிலே அவன் செயல் மறைகின்றது. இரண்டிலும் அவனை மனிதனாகக் கண்டு பேசும் கடமை தவறுகின்றது.

நம் நாட்டிலே 2009 மே மாதம் முடிந்த நெடும்போரின் பின்னரும் இந்நிலையே. ஊன்றுகோலோடு வீடு திரும்பியோர் சிங்களக் கிராமத்திலும் உள்ளனர். தமிழ்க் கிராமத்திலும் உள்ளனர். வெற்றி விழாவிலே தூக்கிக் கொண்டாடப்பட்ட சிப்பாய் சிலகாலத்தின்பின் ஓய்வூதியத்துக்காக வீதியிலே அமர்ந்து போராடியதைக் கண்டோம். புனர்வாழ்வு முகாமிலிருந்து திரும்பிய முன்னாள் போராளியை, சிறப்பாகப் பெண் போராளியை, அவர்களுடைய ஊராரே ஐயத்தோடு நோக்கியதையும் அறிவோம். விழா முடிந்தபின்னும் காயம் இருக்கின்றது.

நாம் செய்யத்தக்கது

மிஷன் பாடசாலையிலே நான் கேட்ட விவிலியக் கதையொன்று நினைவுக்கு வருகின்றது. நோய் நீங்கப்பெற்ற பத்துப் பேரிலே ஒருவனே திரும்பி வந்து நன்றி கூறினான். மற்ற ஒன்பதின்மரும் நன்றிகெட்டவர் என்று எங்கள் ஆசிரியர் கூறவில்லை. அவர்கள் வீடு போகும் அவசரத்திலே மறந்தார்கள் என்றார். நாமும் அத்தகையோரே. சுதந்திரம், அபிவிருத்தி, பரீட்சை, உத்தியோகம் என்ற அவசரத்திலே மறந்துவிட்டோம்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சென்றோரிலே இன்று உயிரோடிருப்போர் மிகச் சிலரே. இருப்பின் நூறு வயதை அண்டியவர். அவர்களுக்கு நேரிலே நன்றி கூறும் காலம் ஏறக்குறையக் கடந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கின்றனர். கண்டியிலும் கம்பளையிலும் மாத்தளையிலும் எத்தனையோ வீடுகளிலே பழைய பெட்டிக்குள் ஒரு படைவிடுவிப்புக் கடதாசியோ மங்கிய புகைப்படமோ துருப்பிடித்த பதக்கமோ கிடக்கலாம். பழைய தாள் வாங்குபவனிடம் அவை போவதற்கு முன்னே, நம் சங்க வாலிபர் வீடுவீடாகச் சென்று அவற்றைப் பார்த்துப் பெயரையும் ஊரையும் படைப்பிரிவையும் எழுதிவைத்தல் கூடாதா? பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனையும் ஓய்வுநாட் சிலவும் போதும்.

இரண்டாவதாக, கெட்டம்பைக் கல்லறைத் தோட்டத்துக்கு நம் ஞாயிற்றுக்கிழமைச் சமயவகுப்புப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்வோம். அங்கே கிடக்கும் கிழக்கு ஆபிரிக்க இளைஞனுடைய தாய் தன் மகனின் கல்லை ஒருநாளாவது கண்டிருப்பாளோ? அவளுக்குப் பதிலாக நம் வீட்டுப் பிள்ளை அப்பெயரை வாய்விட்டு வாசித்தால் அதுவும் ஒரு படையலே. நாம் சைவர், அவர் வேறு சமயத்தவர் என்று நம் முன்னோர் நடுகல்லின் முன்னே கணக்குப் பார்த்ததாக நான் அறியேன்.

மூன்றாவது கடமை எல்லாவற்றிலும் அரிது. நம் தெருவிலே ஊன்றுகோலோடு வாழும் மனிதரிடம், அவர் எப்பக்கத்தவராயினும், சென்று அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்பது. அவரைப் புகழவேண்டியதில்லை, அவர் போரை ஏற்கவேண்டியதுமில்லை. “ஐயா, எங்கே காயப்பட்டீர்கள்? இப்போது எப்படி இருக்கின்றீர்கள்?” என்று கேட்டால் போதும். வாடைக்காற்றிலே நடந்து சென்ற அவ்வரசன் செய்ததும் அவ்வளவே.

பூவரசம் பூவை இன்று எவரும் விற்பதில்லை. ஆனால் மரம் இருக்கின்றது. பூவும் நாள்தோறும் பூக்கின்றது. வருகின்ற நவம்பர் 11ஆம் நாளிலே நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு பூவரசம் பூவைக் கையிலே கொண்டு கெட்டம்பைக்குச் செல்வோமாக. அங்கிருந்து திரும்பும் வழியிலே, உயிரோடு திரும்பி வந்து நம்மிடையே வாழும் ஒருவருடைய வீட்டுக் கதவையும் தட்டுவோமாக.